நீதித் துறையினர்க்குத் தமிழகம் செய்த சிறப்பு

முன்னுரை

ஒரு சமுதாயம் தன் பெருமக்களுள் யார் யாரைப் போற்றியது என்று தொகுத்துக் காண்பது எளிது. எதற்காகப் போற்றியது என்று ஆராய்வது அத்துணை எளிதன்று. சிறப்புச் செய்தற்கு அமைந்த வாயில்கள் பல. அரசு பட்டம் வழங்கும், உடன்தொழில் செய்வோர் சிலை நிறுவுவர், புலவர் பாடுவர், மக்கள் நன்றி மறவாமல் பெயரிட்டு வழங்குவர். இவ்வாயில்கள் ஒவ்வொன்றும் ஒருவருடைய வாழ்வின் ஒவ்வொரு கூற்றையே கண்டுகொள்கின்றன. ஆகவே, எவ்வாயிலிலும் புகாமல் நின்றுவிடும் தொண்டும் உண்டு.

இக்கருத்தை நீதித் துறையினர் வாழ்வில் வைத்து ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இடைப்பகுதி தொடங்கி இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதி வரை தமிழகத்தில் நீதிபதிகளாகவும் வழக்குரைஞர்களாகவும் விளங்கியவர்க்கு எவ்வெச்சிறப்புகள் செய்யப்பெற்றன, அவை எக்காரணம் பற்றியன, அவற்றுள் விடுபட்டது யாது என்னும் மூன்று வினாக்கள் ஈண்டு எடுத்துக்கொள்ளப்பெறுகின்றன. தமிழ் இலக்கிய வரலாற்றில் நாம் நன்கறிந்த பெயர்களே பெரும்பாலும் வரும். ஆயினும், அவர்களை இலக்கியவாணர்களாக மட்டும் கண்டு பழகிய நாம், அவர்தம் தொழிற்களத்தில் வைத்துக் காணும்போது சில புதிய உண்மைகள் புலனாகின்றன.

பழந்தமிழ் மரபு

சங்க காலத் தமிழகத்தில் வழக்குகளை ஆராய்ந்து முடிவு கூறிய மன்றங்கள் இருந்தன. உறையூரின் அறங்கூறவையம் பண்டைப் புலவரால் பெரிதும் போற்றப்பெற்றது. மதுரைக் காஞ்சி பாண்டியன் தலைநகரின் அறங்கூறவையத்தை விளக்குமிடத்து, விருப்பு வெறுப்புக்கு ஆட்படாமல் துலாக்கோல்போல நின்றவர் அதன் உறுப்பினர் என்று கூறுகின்றது. திருக்குறளின் நடுவுநிலைமை அதிகாரமும் சான்றோர்க்குத் துலாக்கோலையே உவமையாகக் காட்டும். எனினும், அவ்வவையில் அமர்ந்து முறை கூறியவருள் ஒருவர் பெயரேனும் பாடலில் இடம்பெறவில்லை என்பது கருதத்தக்கது. போற்றப்பெற்றது அவையே, அவையில் இருந்த தனி மனிதர் அல்லர்.

முறை வழங்கலின் பொருட்டுத் தனியே பெயர் சுட்டிப் புகழப்பெற்றவர் மன்னரே. வழக்குடைய முதியோர் தன் இளமை கண்டு ஐயுறாதபடி நரைமுடி புனைந்து முறை கூறிய கரிகாலன் கதை இதற்குச் சான்று. கன்றை இழந்த பசுவின் பொருட்டுத் தன் மகனையே ஒறுத்த மனுநீதிச் சோழன் கதையும் அத்தகையதே. அச்சோழன் சிலை சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் நிற்பது அம்மரபின் தொடர்ச்சியாகும். முறை பிழைத்த மன்னனைச் சிலப்பதிகாரம் காட்டுகின்றது. அங்கே வழக்கைத் தானே எடுத்துரைத்து, சிலம்பின் பரலையே சான்றாக்கி வென்றவள் கண்ணகி. அப்பகுதிக்கு ‘வழக்குரை காதை’ என்றே பெயர். பிறர் பொருட்டு வாதிடுவதைத் தொழிலாகக் கொண்டார் ஒருவரை அக்காப்பியத்தில் காண இயலாது.

பெரியபுராணத்தில் வரும் திருவெண்ணெய்நல்லூர் வழக்கும் ஈண்டு எண்ணத்தக்கது. முதியவர் காட்டிய படியோலையைச் சுந்தரர் கிழித்துவிடுகின்றார். பின்னர் மூல ஓலை அவையில் வைக்கப்படுகின்றது. பாட்டனாரின் வேறோர் எழுத்தோடு அதனை ஒப்புநோக்கிய அவையினர், தமக்கு இனியவரான சுந்தரர்க்கு எதிராகவே முடிவு கூறுகின்றனர். ஆவணத்தை ஆராயும் முறையும் நடுவுநிலையும் ஒருங்கே விளங்கும் பகுதி இது. ஈண்டும் அவையினர் பெயர் கூறப்பெறவில்லை. எனவே, நீதித் துறையில் தொழில்முறையாக ஈடுபட்ட ஒருவரைத் தனியே பெயர் சுட்டிச் சிறப்பிக்கும் வழக்கம் பழந்தமிழ் இலக்கியத்தில் வேரூன்றியதன்று எனலாம்.

புதிய மன்றமும் புதிய தொழிலும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிலைமை மாறியது. சென்னையில் 1801 ஆம் ஆண்டில் ஆங்கிலச் சட்டத்தின்படி நடக்கும் சுப்ரீம் கோர்ட்டு அமைந்தது. மாவட்டப் பகுதிகளின் வழக்குகட்கு மேல்முறையீட்டு மன்றமாகச் சதர் அதாலத்து 1802 இல் ஏற்பட்டது. இவ்விரண்டும் 1862 ஆம் ஆண்டில் உயர் நீதிமன்றமாக ஒன்றாயின. கீழே மாவட்ட நீதிமன்றங்களும் முன்சீப் மன்றங்களும் இயங்கின.

மன்றத்தோடு புதிய சொற்களும் வந்தன. முன்சீப், வக்கீல் என்பன அரபு மொழியிற் பிறந்து பாரசீக ஆட்சி வழக்கின் வழியே வந்தவை. முன்னது நீதி செய்பவர் என்றும் பின்னது ஒருவர் சார்பாக நிற்பவர் என்றும் பொருள்படும். சொற்களே புதியனவாக வந்தமையால் தொழிலின் புதுமையும் விளங்கும். சட்டம் பயின்று, தேர்வில் தேறி, சன்னது பெற்று, பிறர்க்காக வாதிட்டு வாழும் ஒரு வகுப்பாரைத் தமிழகம் அப்பொழுதுதான் பெருவழக்காகக் கண்டது. அவ்வகுப்பாரை எவ்வாறு மதிப்பது, எதன் பொருட்டுப் போற்றுவது என்பதற்கு முன்மாதிரி இல்லை. இந்நிலையில் வெவ்வேறு திறத்தார் வெவ்வேறு வகையில் சிறப்புச் செய்யத் தொடங்கினர்.

அரசும் தொழில்வழியினரும் செய்த சிறப்பு

முதற்கண் அரசு செய்த சிறப்பைக் காண்போம். இதற்குத் தக்க எடுத்துக்காட்டு தி. முத்துசாமி ஐயர் வாழ்வாகும். 1832 ஆம் ஆண்டில் தஞ்சை மாவட்டத்தில் எளிய குடும்பத்திற் பிறந்த இவர், இளமையில் மாதம் ஒரு ரூபாய்ச் சம்பளத்தில் ஊர்க் கணக்கருக்கு உதவியாளராக இருந்தவர். தெருவிளக்கின் ஒளியில் படித்தார் என்று இவரைப் பற்றி வழங்கும் கதை தமிழகத்துப் பள்ளிச் சிறார் பலர் கேட்டதாகும். படிப்படியாக உயர்ந்த இவர், 1878 இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதியானார். 1893 இல் சிறிது காலம் தலைமை நீதிபதி பொறுப்பையும் ஏற்றார். அவ்விரண்டு ஆண்டுகளிலும் ஆங்கில அரசு இவருக்குப் பட்டங்கள் வழங்கியது. பதவி உயர்ந்த ஆண்டும் பட்டம் வந்த ஆண்டும் ஒன்றாய் இருத்தலைக் காணும்போது, அரசின் சிறப்பு பெரும்பாலும் பதவியை ஒட்டியே அமைந்தது என்பது தெளிவாகும்.

உடன்தொழில் செய்வோர் செய்த சிறப்பு சற்று வேறுபட்டது. 1895 இல் முத்துசாமி ஐயர் மறைந்த பின்னர் உயர் நீதிமன்றத்தில் இவருக்குப் பளிங்குச் சிலை நிறுவப்பெற்றது. அச்சிலை வெறுங்காலோடு அமர்ந்த கோலத்தில் உள்ளது. பதவியின் பெருமையோடு எளிமையையும் நினைவுகூர விரும்பினர் போலும். வெ. பாஷ்யம் ஐயங்காருக்கும் நீதிமன்ற வளாகத்தில் சிலை உண்டு. அவர் நீதிபதியாய் இருந்தது 1901 முதல் 1904 வரை ஒரு சில ஆண்டுகளே. வழக்குரைஞராக அவர் காட்டிய சட்டப் புலமையே அவர் புகழுக்கு அடிப்படை. ஆகவே, தொழில்வழியினர் செய்த சிறப்பு, பதவியைக் கடந்து புலமையையும் ஒழுகலாற்றையும் நோக்கியது எனலாம்.

அரசு அளித்த சிறப்பின் எல்லையைக் காட்டும் நிகழ்ச்சி ஒன்றும் உண்டு. மதுரையில் வழக்குரைஞராய் விளங்கிப் பின்னர்ச் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியான சர் சு. சுப்பிரமணிய ஐயர், ஓய்வு பெற்றபின் தன்னாட்சி இயக்கத்தில் ஈடுபட்டார். அன்னி பெசன்டு அம்மையார் 1917 இல் காவலில் வைக்கப்பெற்றபோது, அமெரிக்கக் குடியரசுத் தலைவர் வில்சனுக்கு இந்திய நிலைமையை விளக்கிக் கடிதம் எழுதினார். ஆங்கில ஆட்சியாளர் அதனைக் கண்டித்துப் பேசினர். அதன்மேல் 1918 இல் தம் பட்டங்களை அவர் துறந்தார். பட்டம் பெற்ற நீதிபதிகள் பலர். துறந்தவரோ மிகச் சிலர். அவர் சிலை சென்னைப் பல்கலைக்கழக ஆட்சிமன்ற மண்டபத்தருகே நிற்கின்றது. அரசு தந்ததைத் துறந்த பின்னும் பெருமை குன்றாமல் நின்றமையால், சிறப்பின் ஊற்று அரசினிடத்து மட்டும் இல்லை என்பது பெறப்படும்.

புலவர் செய்த சிறப்பு

இனி, தமிழ்ப் புலவர் செய்த சிறப்பைக் காண்போம். இப்பகுதிக்கு நடுநாயகமாய் விளங்குபவர் மாயூரம் வேதநாயகம் பிள்ளை. திருச்சிராப்பள்ளியை அடுத்த குளத்தூரில் 1826 ஆம் ஆண்டில் பிறந்த இவர், திருச்சி மாவட்ட நீதிமன்றத்தில் ஆவணக் காப்பாளராகவும் மொழிபெயர்ப்பாளராகவும் பணியாற்றினார். பின்னர் முன்சீப் பதவி பெற்றுத் தரங்கம்பாடி, சீகாழி, மாயூரம் ஆகிய ஊர்களில் நீதி வழங்கினார். 1859 இல் வெளிவந்த நீதிநூலில் கையூட்டை வன்மையாகக் கடிந்தார். மன்றத்தின் உட்புறத்தைப் பல்லாண்டு கண்டவர் பாடியது ஆகலின், அக்கண்டனம் ஏட்டறிவால் வந்ததன்று.

திரிசிரபுரம் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை இவர்பால் நெருங்கிய நட்புடையவர். மகாவித்துவானின் சீகாழிக் கோவை அரங்கேறியபோது வேதநாயகம் பிள்ளை அதனைப் பாராட்டிச் செய்யுள் இயற்றினார். மகாவித்துவான் வேதநாயகம் பிள்ளையையே பாட்டுடைத் தலைவராகக் கொண்டு குளத்தூர்க் கோவை பாடினார். இலக்கிய வரலாற்றில் இது சிறு செய்தியன்று. கோவை என்னும் நூல்வகை பாண்டிக்கோவையில் அரசனையும், திருக்கோவையாரில் இறைவனையும், தஞ்சைவாணன் கோவையில் சிற்றரசு நிலையில் இருந்த வள்ளலையும் தலைமக்களாகக் கொண்டது. அவ்வரிசையில் மாதச் சம்பளம் பெறும் ஒரு முன்சீப் இடம்பெறுகின்றார். பாடியவர் சைவர், பாடப்பெற்றவர் கிறித்தவர். திருவாவடுதுறை ஆதீனத் தலைவர் சுப்பிரமணிய தேசிகர்மீது வேதநாயகம் பிள்ளை பாடிய பாடல்களும் இந்நட்புச் சூழலின் விளைவே.

மற்றொரு சிறப்பு இசைப்பாடலால் அமைந்தது. 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வருத்திய பெரும் பஞ்சத்தில் மாயூரம் பகுதி மக்கள் பெரிதும் அல்லலுற்றனர். வேதநாயகம் பிள்ளை அப்பொழுது பதவியில் இல்லை. 1872 இலேயே ஓய்வு பெற்றுவிட்டார். எனினும், தம் பொருளைச் செலவிட்டுக் கஞ்சித் தொட்டிகள் அமைத்துப் பசித்தவரைப் புரந்தார். இதனைக் கண்ட கோபாலகிருஷ்ண பாரதியார் அவரைப் போற்றிக் கீர்த்தனை இயற்றினார். நந்தனார் சரித்திரம் பாடி ஏழையின் துயரைத் தமிழுலகுக்கு உணர்த்திய பாரதியார், ஏழையின் பசி தீர்த்தவரைப் பாடியது பொருத்தமே.

இவ்விரு சிறப்புகளையும் கூர்ந்து நோக்குவார்க்கு ஓர் உண்மை புலப்படும். கோவை அகத்துறைகளால் அமைவது. தலைவனும் தலைவியும் எதிர்ப்படல் முதலாகத் துறைகள் நிரல்பட வரும். பாட்டுடைத் தலைவனின் நாடு, ஊர், குடி, கொடை ஆகியவற்றைப் போற்ற அதன்கண் இடமுண்டு. அவன் அன்றாடம் ஆற்றிய தொழிலை எடுத்து மொழிதற்கென ஒரு துறை அங்கு வகுக்கப்பெறவில்லை. பாரதியாரின் கீர்த்தனை எழுந்ததோ பஞ்சகாலக் கொடையின் பொருட்டு. ஆகவே, புலவர் சிறப்பித்தது நீதிபதியினுள் இருந்த வள்ளலை. நீதிபதியாக அவர் ஆற்றிய பணி அப்புகழின் புறத்தே நின்றது. இது புலவர் குறையன்று. அவர்தம் கையில் இருந்த இலக்கிய வடிவங்களின் எல்லையாகும்.

பதிப்புத் தொண்டால் வந்த சிறப்பு

புலமைத் தொண்டின் பொருட்டுத் தமிழுலகம் போற்றும் நீதித் துறையினர் இருவர் பற்றி அடுத்துக் கூற வேண்டும்.

ஒருவர் சேலம் இராமசாமி முதலியார் (1852–1892). அவர் 1880 இல் கும்பகோணத்தில் முன்சீப்பாக வந்தபோது, அவ்வூர்க் கல்லூரியில் தமிழாசிரியராய் இருந்த உ. வே. சாமிநாதையர் அவரைக் காணச் சென்றார். தாம் பயின்ற அந்தாதி, கோவை, பிள்ளைத்தமிழ், புராணம் ஆகியவற்றை ஐயர் அடுக்கிக் கூறினார். முதலியார் அவற்றில் நிறைவுறாமல், சீவக சிந்தாமணி போன்ற பழைய நூல்களைப் படித்ததுண்டா என வினவினார். சிந்தாமணியின் கையெழுத்துப் படியொன்றையும் பின்னர்த் தந்தார். அவ்வினாவிலிருந்து பிறந்த பதிப்பு 1887 இல் வெளிவந்தது. தொடர்ந்து பழந்தமிழ் நூல்கள் பல ஐயர் கையால் உயிர் பெற்றன. முதலியார் 1885 இல் இந்தியர் கோரிக்கைகளை எடுத்துரைக்க இங்கிலாந்து சென்ற மூவருள் ஒருவராய் இருந்தார் என்பது இன்று பலர் அறியாத செய்தி. ஆனால், அவர் பெயரை அறியாத தமிழ் மாணவர் இலர். அதற்குக் காரணம் ஐயர் தம் தன்வரலாற்றில் நன்றியோடு எழுதிய பக்கங்களே. நாற்பதாண்டே வாழ்ந்த ஒரு முன்சீப்புக்கு எந்தச் சிலையும் தர இயலாத நிலைபேற்றை அப்பக்கங்கள் தந்தன.

மற்றொருவர் சி. வை. தாமோதரம் பிள்ளை. யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியில் 1832 இல் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளுள் ஒருவராக 1857 இல் தேறியவர். 1871 இல் சட்டப் பட்டமும் பெற்று, பின்னாளில் கும்பகோணத்தில் வழக்குரைஞராகவும் புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் நீதிபதியாகவும் பணிபுரிந்தார். வீரசோழியம் (1881), இறையனார் அகப்பொருள் (1883), தொல்காப்பியப் பொருளதிகாரம் (1885), கலித்தொகை (1887) ஆகியன அவர் பதிப்புகளுட் சில. செல்லரித்த ஏடுகள் அழிந்தொழியுமுன் அச்சேற வேண்டுமென்று கவன்ற அவர், தொழிலில் ஈட்டிய பொருளையும் ஓய்வையும் அப்பணிக்கே ஈந்தார். படிகளை ஒப்புநோக்குதல், மூலத்தைத் தேடுதல், ஐயத்துக்கிடமானதை ஐயமென்றே குறித்தல் ஆகிய பழக்கங்கள் மன்றத்திற்கும் பதிப்பிற்கும் பொதுவானவை. திருவெண்ணெய்நல்லூர் அவையினர் மூல ஓலையை ஆராய்ந்த முறையை இத்தகையோரின் பதிப்புப் பணியில் மீண்டும் காண்கின்றோம்.

ஆங்கில அரசு 1895 இல் தாமோதரம் பிள்ளைக்கு ராவ்பகதூர்ப் பட்டம் வழங்கியது. வேதநாயகம் பிள்ளை அவர் தமிழ்த் தொண்டைப் பாராட்டிப் பாடினார். முன்சீப்பாய் இருந்த புலவர் ஒருவர் வழக்குரைஞராய் இருந்த பதிப்பாசிரியர் ஒருவரைப் பாடியது புதுமையானது. 1901 இல் தாமோதரம் பிள்ளை மறைந்தபோது, வி. கோ. சூரியநாராயண சாஸ்திரியார் இரங்கிப் பாடினார். இப்பாடல்களுக்குக் காரணம் கொடையன்று. ஏடு தேடிய உழைப்பு. ஆகவே, கொடையை மட்டுமே பாடி வந்த புலவர் வாய், உழைப்பையும் பாடத் தொடங்கியது எனக் கொள்ளலாம்.

மக்கள் செய்த சிறப்பு

பட்டமும் சிலையும் பாட்டும் இன்றி, மக்கள் உள்ளத்திலிருந்து தானே எழும் சிறப்பும் உண்டு. வ. உ. சிதம்பரம் பிள்ளை வாழ்வில் அதனை இருவகையாகக் காணலாம்.

ஒட்டப்பிடாரத்தில் 1872 இல் பிறந்த வ. உ. சி., தந்தையைப் போலவே வழக்குரைஞரானார். 1906 இல் சுதேசிக் கப்பல் நிறுவனத்தைத் தொடங்கினார். 1908 இல் தூத்துக்குடிப் பவழ ஆலைத் தொழிலாளரின் வேலைநிறுத்தத்திற்குத் துணை நின்றார். அவ்வாண்டு சூலை 7 ஆம் நாள் அவருக்கு இரட்டை ஆயுள் தண்டனை விதிக்கப்பெற்றது. மேல்முறையீட்டில் அது குறைக்கப்பெற, 1912 இன் இறுதியில் விடுதலையானார். அதற்குள் அவருடைய வழக்குரைஞர் சன்னது பறிபோயிற்று. சிறையில் செக்கிழுத்தமை பற்றி மக்கள் அவரைச் செக்கிழுத்த செம்மல் என்றனர். கப்பலோட்டிய தமிழன் என்றும் வழங்கினர். இப்பெயர்கள் அரசு அளித்த பட்டங்கள் அல்ல. அதுவே அவற்றின் பெருமை.

வறுமையில் வாடிய அவர்க்கு, வாலஸ் என்னும் ஆங்கில நீதிபதியின் முயற்சியால் சன்னது மீண்டும் கிடைத்தது. அந்நன்றியை மறவாத வ. உ. சி. தம் மகன் ஒருவனுக்கு வாலேசுவரன் என்று பெயரிட்டார். ஆங்கில ஆட்சியை எதிர்த்துச் சிறை சென்றவர், அவ்வாட்சியின் நீதிபதி ஒருவரின் பெயரைத் தம் குடியில் நிலைபெறச் செய்தார். வாலஸ் என்னும் பெயர் ஈசுவரன் என்னும் சொல்லோடு புணர்ந்து தமிழ்ப் பெயராய் வடிவுற்றது. நீதிபதி ஒருவருக்குத் தமிழர் செய்த சிறப்புகளுள் இதனினும் உள்ளங் கனிந்த ஒன்று இருத்தல் அரிது. பகைவர் பக்கத்திலிருந்து வந்தாலும் முறை முறையே என்று ஏற்கும் உள்ளம் அதன்கண் விளங்குகின்றது.

சன்னது இழந்த காலத்தும் பின்னும் வ. உ. சி. தமிழ்ப்பணியை விட்டிலர். தொல்காப்பிய எழுத்ததிகாரத்தை இளம்பூரணர் உரையோடு 1928 இல் வெளியிட்டார். தாமோதரம் பிள்ளை தொடங்கிய மரபு அவரிடமும் தொடர்ந்தமை குறிப்பிடத்தக்கது.

பாடப்பெறாத தொண்டு

இதுகாறும் கண்டவற்றைத் தொகுத்து நோக்குவோம். அரசு பதவியைப் போற்றியது. தொழில்வழியினர் சட்டப் புலமையைப் போற்றினர். புலவர் கொடையையும் பின்னர் ஏட்டுப் பணியையும் போற்றினர். மக்கள் ஈகத்தைப் போற்றினர். ஆனால், நீதித் துறையினர் ஒருவர் தம் தொழிலின் உள்ளே நின்று, வழக்காட வரும் எளியவர்க்கென்றே ஆற்றும் தொண்டு எதுவோ, அதற்கு இவ்வாயில்களுள் ஒன்றும் திறக்கவில்லை. வேதநாயகம் பிள்ளையின் சித்தாந்த சங்கிரகமே அதற்குச் சான்று.

சித்தாந்தம் என்றவுடன் சமய நூலென மயங்குதல் கூடும். ஈண்டு அச்சொல் முடிந்த முடிபாகிய தீர்ப்பைக் குறிக்கும். சங்கிரகம் என்பது சுருக்கத் தொகுப்பு. 1805 முதல் 1861 வரை சதர் அதாலத்து வழங்கிய தீர்ப்புகளை ஆங்கிலத்திலிருந்து தமிழில் தொகுத்துத் தந்த நூல் இது. 1862 இல் வெளிவந்தது. சதர் அதாலத்து மறைந்து உயர் நீதிமன்றம் தோன்றிய ஆண்டும் அதுவே. அரை நூற்றாண்டிற்கு மேற்பட்ட தீர்ப்பு மரபு, அதனை வழங்கிய மன்றம் முடியும் வேளையில், மக்கள் மொழியில் முதன்முறையாக ஒருங்கு திரண்டது.

இதன் அருமை அக்கால நடைமுறையை எண்ணினால் விளங்கும். முன்சீப் மன்றத்தில் வாதியும் பிரதிவாதியும் சாட்சிகளும் பேசியது தமிழ். அவர்தம் பத்திரங்களும் தமிழிலேயே இருந்தன. அவ்வழக்கின் முடிவைத் தீர்மானிக்கும் மேல்மன்ற முன்தீர்ப்புகளோ ஆங்கிலத்தில் இருந்தன. நிலத்தையும் பங்கையும் இழப்பவன், எவ்விதியால் இழந்தான் என்பதைத் தன் மொழியில் படித்தறிய இயலாது. ஆங்கிலம் அறியாத கீழ்மன்ற வக்கீலுக்கும் அதே இடர்ப்பாடு. மொழிபெயர்ப்பாளராகவும் முன்சீப்பாகவும் இருந்து இருபுறமும் கண்டவராதலின், வேதநாயகம் பிள்ளை இக்குறையை நன்குணர்ந்து தீர்க்க முற்பட்டார். பஞ்சத்தில் அவர் ஊற்றிய கஞ்சி பசியை ஆற்றியது. சித்தாந்த சங்கிரகமோ அறியாமையால் வரும் இழப்பைத் தடுக்க முயன்றது. முன்னதைப் பாட ஒரு கீர்த்தனை எழுந்தது. பின்னதைப் பாட எவரும் எழவில்லை.

இவ்வுணர்வு அவரிடம் மங்காது இருந்தமைக்கு 1879 இல் வெளிவந்த பிரதாப முதலியார் சரித்திரம் சான்றாகும். தமிழரான நீதிபதி முன்னிலையில், தமிழரான கட்சிக்காரர் பொருட்டு, தமிழரான வக்கீல்கள் ஆங்கிலத்தில் வாதிடும் நகைப்பிற்கிடமான நிலையை அந்நாவல் கடிந்து கூறுகின்றது. இப்பகுதியைப் புனைகதையின் இடையே வந்த மொழிப்பற்று உரை என்று மட்டும் கொள்வது பொருந்தாது. பதினேழு ஆண்டுகட்கு முன்னர்த் தீர்ப்புகளைத் தமிழாக்கிய நீதிபதி தம் தொழிலறிவால் கூறிய முடிவு அது. நாவலையும் தீர்ப்புத் தொகுப்பையும் ஒருங்கு வைத்துக் கற்றாலன்றி அதன் முழுப்பொருள் விளங்காது. நம் இலக்கிய வரலாற்று நூல்கள் வேதநாயகம் பிள்ளையைத் தமிழின் முதல் நாவலாசிரியர் எனச் சிறப்பித்து, சித்தாந்த சங்கிரகத்தை ஒரு வரியில் கடந்து செல்வது இவ்வகையில் குறைபாடேயாகும்.

வழக்கு என்னும் தமிழ்ச்சொல் உலகோர் பேச்சு நெறியையும் குறிக்கும். மன்றில் எடுத்துரைக்கும் பிணக்கையும் குறிக்கும். இவ்விரு பொருளும் ஒரு சொல்லில் இயைந்திருக்க, நடைமுறையில் அவை நெடுங்காலமாகப் பிரிந்தே நிற்கின்றன. 1956 ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டமும் அதன் பின்வந்த திருத்தமும் கீழமை நீதிமன்றங்களில் தமிழுக்கு வழிவகுத்தன. உயர் நீதிமன்றத்தில் தமிழைப் பயன்படுத்த வேண்டி 2006 இல் தமிழ்நாடு சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது. அதற்கு வேண்டிய இசைவு கிடைக்கவில்லை. உத்தரப் பிரதேசம், இராசசுத்தான் முதலிய மாநிலங்களின் உயர் நீதிமன்றங்களில் இந்திக்கு இடமளித்த அரசியலமைப்பின் 348 ஆம் உறுப்பு, தமிழுக்கு இன்னும் பயன்படவில்லை. உச்ச நீதிமன்றம் 2019 முதல் தன் தீர்ப்புகள் சிலவற்றை மாநில மொழிகளில் வெளியிடத் தொடங்கியது; தமிழும் அவற்றுள் இடம்பெற்றது. ஒரு முன்சீப் தனியொருவராய் 1862 இல் செய்து முடித்த பணியை, நூற்றைம்பதாண்டு கழிந்தபின் நாட்டின் உச்ச மன்றம் தன் பணியாக ஏற்றது. வேதநாயகம் பிள்ளைக்குக் காலம் தாழ்த்து வந்த சிறப்பு இதுவெனக் கொள்ளலாம். ஆயினும், அதனை அவரொடு தொடர்புபடுத்திக் கூறுவார் அரியர்.

முடிவுரை

நீதித் துறையினரைப் போற்றுவது தமிழகத்தில் ஒன்றரை நூற்றாண்டு வரலாறு உடையது. அரசின் பட்டம், சிலை, கோவை, கீர்த்தனை, நன்றியுரை, பிள்ளைப்பெயர் என அதன் வடிவங்கள் பலவாயின. அவ்வடிவங்களின் வரலாற்றை ஆராயும்போது, ஒவ்வொன்றும் தான் காணவல்லதை மட்டுமே கண்டது என்பது தெளிவாகின்றது. பண்டைத் தமிழர் அறங்கூறவையத்தைப் போற்றியபோது, அங்கு அமர்ந்தாரின் செல்வத்தையோ கொடையையோ கூறவில்லை. துலாக்கோல் போன்ற தொழில்நெறியையே கூறினர். அவ்வளவுகோலை மீண்டும் கைக்கொள்வோமாயின், சித்தாந்த சங்கிரகம் போன்ற தொண்டுகள் முன்வரிசையில் வந்து நிற்கும்.

இதற்குத் தமிழ்த் துறையினர் செய்யத்தக்கது ஒன்றுண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சட்டத் தமிழ் நூல்களை இலக்கியமல்ல என்று ஒதுக்காமல் தேடித் தொகுத்து, அவற்றின் சொல்லாட்சியையும் மொழிபெயர்ப்பு நெறியையும் ஆராய்தல் வேண்டும். சித்தாந்த சங்கிரகத்திற்குச் சொல்லடைவோடு கூடிய ஆய்வுப் பதிப்பு ஒன்று அமையுமாயின், உரைநடை வரலாற்றிற்கும் கலைச்சொல் ஆக்கத்திற்கும் அது பெருந்துணையாகும். ஏடு தேடித் தந்த நீதித் துறையினர்க்குத் தமிழ் பட்ட கடன் பெரிது. அத்துறையினர் ஒருவரின் நூலைத் தேடி அச்சேற்றுவது அக்கடனில் ஒரு பகுதியைத் தீர்த்ததாக முடியும்.